வீட்டுக் கணினியில் பாப்-அப் தொல்லை: மூலத்தைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு பெட்டி எழுகிறது. ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்கிறது. அதை மூடினால், சில நிமிடங்களில் ‘ஆன்டிவைரஸ் சந்தா இன்றுடன் முடிகிறது’ என்று இன்னொன்று வருகிறது. கணினிக்குப் புதியவர்கள் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கூகுளில் ‘வைரஸ் ரிமூவர்’ என்று தேடி, மேலே வரும் முதல் இணைப்பிலிருந்து கிடைத்ததை இறக்கி நிறுவிவிடுகிறார்கள். தொல்லை பெரிதாவது அங்கேதான். அந்தப் பெட்டி பல நேரங்களில் வெறும் விளம்பரமே. அதைப் பார்த்துப் பதறி நாம் அழுத்தும் பொத்தானும், நிறுவும் மென்பொருளும், கூப்பிடும் தொலைபேசி எண்ணுமே இழப்பைக் கொண்டுவருகின்றன. ஆகவே எந்தக் கருவியையும் தேடிப் போவதற்கு முன்னால், பாப்-அப் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை விண்டோஸ் 10, 11 ஆகிய இயங்குதளங்களுக்கும் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய பிரவுசர்களுக்கும் பொருந்தும். மெனுக்களின் பெயர்கள் ஆங்கிலத் திரையில் தோன்றுவதைப் போலவே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு சொற்கள் மாறியிருக்கலாம்.

பாப்-அப் எங்கிருந்து வருகிறது?

பெட்டி தோன்றியவுடன் மூடிவிடாமல், எதையும் அழுத்தாமல், அதில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் ‘விண்டோஸ் டிஃபெண்டர்’ என்றோ பிரபலமான ஆன்டிவைரஸ் ஒன்றின் பெயரோ இருக்கும். ஆனால் அதே பெட்டிக்குள் மங்கலான எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், நீங்கள் கேள்விப்பட்டிராத ஓர் இணைய முகவரியும் இருந்தால், அது உங்கள் பிரவுசர் வழியாக ஏதோ ஓர் இணையதளம் அனுப்பும் நோட்டிஃபிகேஷன். முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு, சைரன் ஒலியோடு ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டினால், அது ஒரு வலைப்பக்கம். எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரத் தாவல்கள் (டேப்கள்) தாமாகத் திறந்தாலோ, தேடுபொறி தானாக வேறொன்றுக்கு மாறியிருந்தாலோ, எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்சி ஒன்றைச் சந்தேகிக்கலாம். பிரவுசரை ஒருமுறைகூடத் திறக்காத நிலையில், கணினி இயங்கத் தொடங்கியவுடனேயே விளம்பரச் சாளரம் வந்தால், கணினியிலேயே நிறுவப்பட்ட ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. குரோமின் எல்லாச் சாளரங்களையும் மூடிய பிறகும் அது பின்னணியில் இயங்கிக்கொண்டிருக்க முடியும். அதனால் ‘பிரவுசரை மூடிவிட்டேன், இன்னும் வருகிறது, எனவே வைரஸ்தான்’ என்ற முடிவு பல நேரங்களில் தவறாகிவிடுகிறது. குரோமின் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘சிஸ்டம்’ பகுதிக்குச் சென்று, பிரவுசரை மூடிய பிறகும் பின்னணிச் செயலிகள் தொடர்ந்து இயங்கலாம் என்ற தேர்வை அணைத்துவிட்டுப் பிறகு சோதித்துப் பாருங்கள்.

வீட்டில் அதே வைஃபையில் இணைந்திருக்கும் கைபேசிகளிலும் இதே போன்ற விளம்பரப் பக்கங்கள் தாமாகத் திறக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. அப்படி இருந்தால் கணினியைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுடன் இணைத்துப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் கோளாறு கணினியில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது. தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இருப்பிடத்தைக் கண்டறியும் டிஎன்எஸ் அமைப்பை ரவுட்டரில் யாரோ மாற்றியிருக்கக்கூடும். ரவுட்டரை ரீசெட் செய்து, அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும். இணைப்பு கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன ‘அட்மின்’ என்ற சொல்லே பல வீடுகளில் இன்னமும் கடவுச்சொல்லாக இருக்கிறது.

நோட்டிஃபிகேஷன் வகை

வீட்டுக் கணினிகளில் ‘வைரஸ்’ என்று சொல்லப்படும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது என்பதே என் கணிப்பு. 2015 ஆம் ஆண்டு குரோமில் அறிமுகமான வசதி இது: ஓர் இணையதளம், நீங்கள் அதைத் திறந்து வைத்திராத நேரத்திலும், உங்களுக்குச் செய்தி அனுப்பலாம். செய்தித்தாள்களும் மின்னஞ்சல் சேவைகளும் பயன்படுத்துவதற்காக வந்த இந்த வசதியை விளம்பரக் கும்பல்கள் விரைவிலேயே தம் வசமாக்கிக்கொண்டன. புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக வெளியிடும் தளத்தையோ, கிரிக்கெட் ஆட்டத்தை இலவசமாகக் காட்டுவதாகச் சொல்லும் தளத்தையோ திறக்கும்போது, ‘நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அலோ பொத்தானை அழுத்துங்கள்’ என்று ஒரு வாசகம் தோன்றும். அந்த ‘அலோ’ மனிதரா ரோபோவா என்பதைச் சரிபார்க்கும் பொத்தான் அன்று. உங்கள் திரையில் எந்நேரமும் பெட்டி காட்டுவதற்கு அந்தத் தளத்துக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி. கணினியில் எந்தக் கோப்பும் இறங்காததால், ஆன்டிவைரஸைக் கொண்டு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் எதுவும் அகப்படாது.

நீக்குவது எளிது. குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்ற வரிசையில் செல்லுங்கள். பக்கத்தின் கீழ்ப்பகுதியில், நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். பொருளற்ற எழுத்துக் கோவையாக, பழக்கமில்லாத முடிவோடு இருக்கும் முகவரிகளை அங்கே பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘பிளாக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ரிமூவ்’ செய்தால் பட்டியலிலிருந்து பெயர் மறையும், ஆனால் அடுத்த முறை அந்தத் தளத்துக்குப் போனால் மீண்டும் அனுமதி கேட்கும். எனவே ‘பிளாக்’ செய்வதே மேல். எட்ஜில் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘சைட் பர்மிஷன்ஸ்’ என்ற பகுதியிலும், ஃபயர்பாக்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குள் ‘பர்மிஷன்ஸ்’ என்ற தலைப்பின் கீழும் இதே பட்டியல் கிடைக்கும்.

அத்துடன், எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்ற தேர்வும் குரோமின் அந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் உள்ளது. பெற்றோரும் பிள்ளைகளும் பலராகப் பயன்படுத்தும் கணினியில் அதை இயக்கிவிடுங்கள். வீட்டுக் கணினியில் நோட்டிஃபிகேஷன் வராவிட்டால் நின்றுபோகும் வேலை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திரையை அடைத்து நிற்கும் எச்சரிக்கை

‘கணினி முடக்கப்பட்டுள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள், அணைத்தால் கோப்புகள் அழிந்துவிடும்’ என்று மிரட்டும் பக்கம் வேறு வகை. மைக்ரோசாஃப்ட் தன் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எண் இருந்தாலே அது மோசடி. முழுத் திரையிலிருந்து வெளியே வர, எஸ்கேப் விசையைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருமுறை தட்டினால் போதாது. அப்படியும் விலகவில்லை என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் பிரவுசரின் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அதற்கும் வழியில்லாமல் போனால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். அந்தப் பக்கம் மிரட்டுவதைப் போலக் கோப்புகள் அழிந்துவிடாது.

மீண்டும் பிரவுசரைத் திறக்கும்போது, முன்பு திறந்திருந்த பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்டு ‘ரீஸ்டோர்’ பொத்தான் ஒன்று வரும். அதை அழுத்தினால் அதே பக்கம் அதே சைரனோடு வந்து நிற்கும். அந்தப் பெட்டியை மூடிவிட்டு, புதிய தாவலிலிருந்து தொடங்குங்கள்.

ஏற்கெனவே அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் மென்பொருளை நிறுவிக் கணினியை அவர்களிடம் ஒப்படைத்திருந்தால், செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறுகிறது. முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வைஃபையை அணைப்பதைவிட ரவுட்டரின் மின்சாரத்தையே நிறுத்துவது விரைவானது. இந்த மென்பொருள்கள் தம்மளவில் முறையானவையே என்பதால் ஆன்டிவைரஸ் அவற்றைத் தடுக்கும் என்று காத்திருக்கக் கூடாது. நீங்களேதான் நீக்க வேண்டும். அடுத்து, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று வேகமாக நகர்த்தப்படுவதால், புகார் எவ்வளவு சீக்கிரம் பதிவாகிறதோ அந்த அளவுக்கு அதை வழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

நீட்சிகளும் மாற்றப்பட்ட அமைப்புகளும்

குரோமில் மூன்று புள்ளிகளை அழுத்தி ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்து, அங்கே இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூப்பன் தேடித் தருபவை, பிடிஎஃப் மாற்றித் தருபவை, வானிலை காட்டுபவை, வீடியோ இறக்கித் தருபவை ஆகியவையே அதிகம் சந்தேகத்துக்கு உரியவை. நீங்கள் நிறுவியதாக நினைவில்லாத எதையும் தயங்காமல் நீக்கலாம். உண்மையில் தேவைப்பட்டால் பிறகு மீண்டும் நிறுவிக்கொள்ள முடியும். நல்ல பெயரோடு இருந்த நீட்சி வேறொருவர் கைக்கு விற்கப்பட்டு, ஓர் அப்டேட்டோடு விளம்பரக் கருவியாக மாறிவிடுவதும் நடக்கிறது. எனவே ‘இது பல ஆண்டுகளாக இருக்கிறதே’ என்பது ஒன்றை விட்டுவைக்கப் போதுமான காரணம் ஆகாது.

நீட்சிகளை நீக்கிய பின் பிரவுசரை ரீசெட் செய்யுங்கள். ‘செட்டிங்ஸ்’ பக்கத்தின் இடப்புறம் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ என்ற தேர்வு இருக்கிறது. இதனால் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் பழைய நிலைக்குத் திரும்பும், எஞ்சியுள்ள நீட்சிகள் முடக்கப்படும், தளங்கள் உங்களை அடையாளம் காணப் பிரவுசரில் சேமித்துவைக்கும் குக்கீகள் அழியும். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும். நீக்கிய நீட்சி சில மணி நேரத்தில் தானாகத் திரும்பி வந்தால், ஒரே கணக்கின் அமைப்புகளை எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல வைக்கும் கூகுளின் சிங்க் வசதி அதை வேறொரு கணினியிலிருந்து கொண்டுவருகிறதா என்று பாருங்கள். அலுவலகத்திலோ மற்றொரு மடிக்கணினியிலோ அதே கணக்கு இருந்தால் அங்கேயும் நீக்க வேண்டும்.

இரண்டு இடங்களைப் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். ஒன்று, டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசரின் ஷார்ட்கட். அதன் மேல் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ சென்று ‘டார்கெட்’ கட்டத்தைப் பாருங்கள். அங்கே உள்ள வரி, பிரவுசர் கோப்பின் பெயரோடும் மேற்கோள் குறியோடும் முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு ஏதேனும் இணைய முகவரி ஒட்டப்பட்டிருந்தால், பிரவுசரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தளம் வருவதற்கு அதுதான் காரணம். முகவரியை மட்டும் அழித்துவிட்டுச் சேமியுங்கள். மற்றொன்று, குரோம் மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்ற வரி. அலுவலகம் கொடுத்த கணினியில் இது இயல்பு. சொந்தக் கணினியில் இருந்தால் ஏதோ ஒரு நிரல் நிர்வாகி அமைப்புகளைப் புகுத்தி, நீட்சியை நீக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கலாம். சில முறையான ஆன்டிவைரஸ்களும் இந்த வரியைத் தோற்றுவிப்பதுண்டு என்பதால், பார்த்தவுடன் பதற வேண்டியதில்லை. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து இதைச் சரிசெய்யப் புதியவர்கள் முயல வேண்டாம். அடுத்துச் சொல்லப்போகும் அட்வ்கிளீனரில் அதற்கான தேர்வு உள்ளது.

கணினியில் நிறுவப்பட்டவை

விண்டோஸின் ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’ என்று சென்று, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் தேதி வரிசைப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்து சேர்ந்தவை மேலே தெரியும். ஒரே நாளில், ஒரே வேளையில், சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பெயர்கள் வரிசையாக இருந்தால், ஏதோ ஓர் இலவச மென்பொருளை ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்தி நிறுவியபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவை அவை. அன்இன்ஸ்டால் செய்யும்போது தோன்றும் ‘உண்மையில் நீக்கவா, வைத்துக்கொள்ளவா’ என்ற குழப்பமான கேள்விகளை நிதானமாகப் படியுங்கள்; பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும் பொத்தான் பெரும்பாலும் வைத்துக்கொள்வதற்கானது. பிறகு டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் அறிமுகமில்லாதவற்றை முடக்குங்கள்.

இப்போதுதான் ஸ்கேன் செய்வதற்கான நேரம். விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானது. பணம் கொடுத்து வேறொன்று வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’ பகுதிக்குச் செல்லுங்கள். ஸ்கேன் செய்வதற்கு முன் அங்கே ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ வழியாக ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பட்டியலைப் பார்ப்பது அவசியம். இங்கே சேர்க்கப்பட்ட கோப்புறைகளை டிஃபெண்டர் சோதிப்பதில்லை. கள்ள மென்பொருள்கள் நுழைந்தவுடன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று தமது கோப்புறையை, சில நேரம் சி டிரைவ் முழுவதையுமே, இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவது. அப்படி இருந்தால், எத்தனை ஸ்கேன் செய்தாலும் ‘ஆபத்து எதுவும் இல்லை’ என்றே வரும். நீங்கள் சேர்க்காத எதையும் அங்கிருந்து நீக்கிவிட்டு, ‘ஃபுல் ஸ்கேன்’ கொடுங்கள்.

அதன் பிறகு ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. விண்டோஸ் முழுமையாக எழுந்து வருவதற்கு முன்பே இது இயங்குவதால், வழக்கமான ஸ்கேனின்போது ஒளிந்துகொள்ளும் நிரல்களும் சிக்கும். கணினி தானாக மறுதொடக்கம் ஆகும் என்பதால் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 15 நிமிடம் எடுக்கும். விளம்பர நிரல்களைக் குறிவைத்துத் தேடுவதற்கு அட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவி பயன்படும். 2016 ஆம் ஆண்டு முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கும் இதை நிறுவ வேண்டியதில்லை, இறக்கிய கோப்பை நேரடியாக இயக்கினால் போதும். ஆனால் அதை மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். தேடல் முடிவுகளில் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியோடு மேலே வருபவை காசு கொடுத்து வைக்கப்படும் விளம்பரங்கள். பெயர் பெற்ற மென்பொருள்களின் போலித் தளங்கள் அந்த வழியாகவும் வருகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸ்களை நிரந்தரமாக இயங்க விடாதீர்கள். ஒன்றையொன்று தடுத்துக் கணினியை மந்தமாக்கும்.

துப்புரவு போதாத நிலைமைகள்

இதுவரை சொன்னவை விளம்பரத் தொல்லைக்கானவை. இரண்டு நிலைமைகளில் இவற்றோடு நின்றுவிடக் கூடாது.

முதலாவது, கிராக் செய்யப்பட்ட, அதாவது உரிமப் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருள். விண்டோஸையோ ஆஃபீஸையோ காசில்லாமல் ஆக்டிவேட் செய்யும் கருவிகள், ‘நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்று வெளிப்படையாகவே கேட்கின்றன. தெரு முனைக் கடையில் விண்டோஸ் போட்டு வாங்கிய பல கணினிகளில் இத்தகைய கருவி உள்ளேயே இருக்கும், உரிமையாளருக்கே தெரியாது.

இரண்டாவது, 2024 முதல் பரவலாகிவிட்ட போலிக் கேப்ச்சா, அதாவது மனிதரா ரோபோவா என்று சரிபார்ப்பதாக நடிக்கும் சோதனை. ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தைக் கிளிக் செய்தவுடன், மூன்று படிகள் கொண்ட ஒரு குறிப்பு தோன்றும்: விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்துங்கள், பிறகு எண்டர். நீங்கள் கட்டத்தைக் கிளிக் செய்த கணத்திலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கணினியின் கிளிப்போர்டில் (நகலெடுத்தவை தற்காலிகமாகத் தங்கும் இடத்தில்) நகலெடுத்து வைத்துவிடுகிறது. முதல் படி விண்டோஸின் ‘ரன்’ பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது அந்தக் கட்டளையை அதில் ஒட்டுகிறது, மூன்றாவது அதை இயக்குகிறது. ஒட்டப்பட்ட வரியின் கடைசிப் பகுதி மட்டுமே அந்தச் சிறு கட்டத்தில் தெரியும் என்பதால், அங்கே ‘சரிபார்ப்பு எண்’ என்பது போன்ற சாதுவான வாசகத்தை வைத்திருப்பார்கள். விசைப்பலகையில் இப்படி அழுத்தச் சொல்லும் உண்மையான கேப்ச்சா எங்கும் கிடையாது.

இந்த இரண்டு வழிகளிலும் அதிகம் நுழைபவை, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் சுருட்டிக்கொண்டு போகும் திருட்டு நிரல்கள். 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பல நாட்டுச் சட்ட அமலாக்க அமைப்புகளும் சேர்ந்து முடக்கிய லும்மா என்பது இவற்றில் ஒன்று. இவை பாப்-அப் எதையும் காட்டாமல், சில நிமிடங்களிலேயே வேலையை முடித்துவிடக்கூடியவை. அதன் பிறகு ஸ்கேன் செய்து நிரலை நீக்கினாலும், போன கடவுச்சொற்கள் போனவைதான். திருடிய குக்கீயை வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலே ஒருவர் உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைய முடியும்.

எனவே கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, பாதிப்பில்லாத வேறொரு கருவியில், உதாரணமாகக் கைபேசியில், முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் இணைப்புகள் எல்லாம் அந்த முகவரிக்கே வருவதால் அதற்குத்தான் முதலிடம். கூகுள் கணக்கில் ‘செக்யூரிட்டி’ பகுதியில் உங்கள் கருவிகளின் பட்டியலைத் திறந்து, கையில் உள்ள கைபேசியைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றுங்கள். திருடுபோன குக்கீ செல்லாமல் போவது இதனால்தான். பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை. கணினியில் உள்ள ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, இயங்கு கோப்புகள் எதையும் எடுக்காமல், விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள். வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவில் நிறுவல் கோப்பை உருவாக்கிக்கொள்ளலாம். இது அரை நாள் வேலைதான். எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்று வாரக்கணக்கில் தேடுவதைவிட எளிது.

பென்டிரைவ்

ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் போய்வரும் பென்டிரைவ் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. பிரிண்ட் எடுத்துத் திரும்பிய பின் அதைத் திறந்தால், உங்கள் கோப்புறைகள் காணாமல் போய், பென்டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் மட்டும் தெரியும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் கோப்புகள் வழக்கம்போல் திறக்கவும் செய்யும். அதே நேரத்தில் பின்னணியில் நிரலும் இயங்கி உங்கள் கணினிக்குள் புகுந்துவிடும். கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. ஷார்ட்கட்டைத் தொடாமல், முதலில் பென்டிரைவின் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் தேர்வை இயக்குங்கள். அப்படியும் தெரியாவிட்டால், ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறைக்கும் தேர்வில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். மங்கலாகத் தெரியும் கோப்புறைக்குள் எல்லாம் இருக்கும். உங்கள் கோப்புகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

கடைக்கு எடுத்துச் செல்வதற்கென்றே, வேறு எதுவும் இல்லாத சிறிய பென்டிரைவ் ஒன்றை வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. பக்கவாட்டில் சின்ன பூட்டுப் பட்டையோடு வரும் எஸ்டி கார்டு அதைவிடவும் நல்லது. பட்டையைக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலான கார்டு ரீடர்கள் அதில் எழுத மறுத்துவிடும்.

மீண்டும் வராமல் இருக்க

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே 12 அன்று உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற தீங்கு நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேராத கணினிகளுக்குப் புதிய ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள் வருவதில்லை. விண்டோஸ் 11க்கு மாற முடியாத பழைய கணினியாக இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவி, இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் வைத்துக்கொள்ளலாம்.

‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதிக்குள், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் தேர்வு ஒன்று உண்டு. ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர நிரல்களுக்கு அதுவே நல்ல தடுப்பு என்பதால் இயங்குகிறதா என்று சரிபாருங்கள். எக்ஸ்ப்ளோரரில் கோப்பின் பின்னொட்டு தெரியும்படி செய்யுங்கள். அப்போதுதான் பிடிஎஃப் போலப் படம் காட்டி, இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பு தன்னைக் காட்டிக் கொடுக்கும். தமிழ்த் தட்டச்சுக்காகக் கண்ட தளங்களிலிருந்து மென்பொருள் இறக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, ‘லாங்குவேஜ்’ அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். விளம்பரங்களைத் தடுக்க ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜினையும், குரோமில் அதன் லைட் வடிவத்தையும் பயன்படுத்தலாம். போலி ‘டவுன்லோடு’ பொத்தான்களில் பல அதோடு கண்ணிலிருந்தே மறைந்துவிடும்.

பிள்ளைகளுக்கும், உங்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கும் நிர்வாகி அதிகாரம் இல்லாத ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கேம் ஒன்றின் பெயரில் எது வந்தாலும், அது கணினி முழுவதையும் மாற்ற முயலும்போது அந்தக் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும்.

படங்களையும் சான்றிதழ் நகல்களையும் மாதம் ஒருமுறையாவது வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, அதைக் கணினியிலிருந்து கழற்றி எடுத்து வையுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும்.